முடியாது சார்

"முடியாது."

ஊசியம்மா இன்னும் வாயையே திறக்கவில்லை. அதற்குள் பதில் வந்து விழுந்துவிட்டது.

தேர்வு அலுவலகத்தில் அந்த அதிகாரிக்கு 'முடியாது சார்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

"சார், நான் என்ன கேக்கப் போறேன்னே உங்களுக்குத் தெரியாதே?"

"எதுவா இருந்தாலும் முதல்ல முடியாதுன்னு சொல்லிடுவேன். அப்புறம்தான் காது குடுத்துக் கேப்பேன். இப்ப சொல்லுங்க."

ஊசியம்மா ஊன்றுகோல் இரண்டையும் மேஜை ஓரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வலி தெரியாமல் ஊசி குத்துவாள் என்பதால் வந்த பெயர் அது. ஊர்க்காரர்களின் சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்துச் சொல்வது அவள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது மட்டும் வேறொருவர். இந்தத் தேர்வில் பாஸாகிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் அந்தக் கையெழுத்து அவளுடையதாகிவிடும்.

"தேர்வு மூணாவது மாடியிலன்னு போட்டிருக்கீங்க. லிஃப்ட் ஓடல. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கால் இப்படித்தான் சார், படி ஏற வராது. லிஃப்ட் அதுக்குள்ள சரியாயிடுமா?"

"நான் என்ன மெக்கானிக்கா?"

"அப்ப கீழ எனக்கு ஒரு தனி ரூம் குடுங்க. அங்க உக்காந்து எழுதிடறேன்."

"தனி ரூமா? முடியாது."

"டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டு வந்திருக்கேன் சார்."

"அதான் கண்ணாலயே பாக்கறேனே, அதுக்கு எதுக்கு சர்டிஃபிகேட்? தனி ரூம் குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? கதவைச் சாத்திக்கிட்டு புத்தகத்தைப் பாத்து எழுதினாள்னு நாளைக்கு நீங்க பாஸானதே செல்லாதுன்னு கிளம்பிடுவாங்க. எல்லாரோடயும் உக்காந்துதான் எழுதணும்."

"மூணு மாடி நான் எப்படி சார் ஏறுவேன்?"

"போய்ப் படிக்கிற வழியைப் பாருங்கம்மா." அவர் அடுத்த ஃபைலைப் பிரித்துவிட்டார்.

வாசலில் காத்திருந்த வீட்டுக்காரரிடம் ஊசியம்மா பொரிந்து தள்ளினாள்.

"மனுஷனா அந்த ஆளு? நெஞ்சுக்குள்ள செங்கல்லை வச்சுக் கட்டியிருக்கான்!"

"விடு, நான் உன்னைத் தூக்கிட்டுப் போறேன்."

"நீங்களா? காய்கறிப் பையைத் தூக்கினாலே உங்களுக்கு முதுகு பிடிச்சுக்குது!"

"காய்கறிப் பை என்னைத் திட்டாதுல்ல? நீ திட்டுவ. அந்த வேகத்துல ஏறிடுவேன்."

தேர்வு நாள் வரைக்கும் படித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் முடியாது சாரைத் திட்டுவதிலேயே கழிந்தது. ஒருநாள் கனவில்கூட அவருக்கு ஊசி போட்டாள். நன்றாக வலிக்கிற மாதிரி.

தேர்வு அன்று காலையில் வாசலில் ஒரே கூச்சல். மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு பெஞ்சு கிடந்தது. அதன் முன்னால் முடியாது சார். சட்டையெல்லாம் தூசி, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மேல தண்ணிக் குழாய் உடைஞ்சுபோச்சு! ஹால் முழுக்க வெள்ளம்! தேர்வு கீழ கேன்டீன்ல. போங்க, போங்க!"

"கேன்டீன்லயா? அங்க ஏசி கிடையாதே!" பெரிய ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்த ஒருவர் குதித்தார். "என்ன சார் நிர்வாகம் இது?"

"குழாயைப் போய்க் கேளுங்க."

"மேல போய் உக்காந்து பாக்கறோமே, ஓரமா..."

"முடியாது!"

ஊசியம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் கால்கூட லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா? அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாத்தீங்களா சார்? நீங்க முடியாதுன்னீங்க. குழாய் முடியும்னுடுச்சு."

முடியாது சார் முறைத்தார். "குழாய்க்கு ரூல்ஸ் தெரியாதும்மா. போய் உக்காருங்க."

கேன்டீன் மேஜைகளில் காபிக் கறை இன்னும் காயவில்லை. ஆளாளுக்கு விசிறிக்கொண்டு குழாயையும் பிளம்பரையும் நிர்வாகத்தையும் வாய்க்கு வந்தபடி வைதார்கள். ஊசியம்மா பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐயோ பாவம் என்று ஒரு பார்வை இல்லை, இவளுக்கு மட்டும் என்ன சலுகை என்று ஒரு முணுமுணுப்பு இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, கை வலிக்க வலிக்க எழுதித் தீர்த்தாள்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் பல்.

"நல்லா எழுதிட்டேங்க! கேட்டதெல்லாம் தெரிஞ்ச கேள்வி. இருங்க, போறதுக்கு முன்னாடி அந்தச் செங்கல் நெஞ்சுக்காரரை இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"வேணாம். கேக்கணும்னா மன்னிப்புக் கேளு."

"நானா? எதுக்கு?"

"நீ எழுதிட்டிருந்தப்ப எனக்குப் பொழுது போகல. அவர் கேன்டீன் உள்ள உங்க எல்லாரையும் காவல் காத்துக்கிட்டு இருந்தாரா, நான் பெஞ்சைத் தாண்டி மூணாவது மாடிக்குப் போய்ப் பாத்தேன்."

"ஐயையோ! அங்கதான் வெள்ளமாச்சே, வழுக்கி விழுந்திருந்தா?"

"எந்த வெள்ளம்? அந்த மாடியில குழாயே கிடையாது!"