காலிக் கட்டம்

"இந்தப் பொண்ணுக்கு இடம் இல்லைன்னா, நான் இன்னிக்கு மதியம் சாப்பிட மாட்டேன், வாரன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே, லொரேன். அப்புறம் ரெண்டு சாண்ட்விச்சை உள்ளே தள்ளினே."

பல்கலைக்கழகச் சேர்க்கைக் குழுவின் அறை. ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதப் பனி. மிச்சம் இருந்தது ஒரே இடம். லொரேன், டெஸா நேப்பியரின் விண்ணப்பத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

"கென்டக்கி மலைப்பக்கம். பள்ளிக்கூட பஸ் ஏன் தினமும் லேட்டாகுதுன்னு கணக்குப் போட்டு, பஸ் போற பாதையையே மாத்த வெச்சிருக்கா. அவ கட்டுரையைப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன். ஆனா நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டம் காலியா இருக்கே?"

"அந்த மார்க்கை அனுப்பறதும் அனுப்பாததும் அவங்கவங்க இஷ்டம்னு நாமதானே சொன்னோம்?"

"சொன்னோம். குத்தம் சொல்லலை. ஆனா இங்கே வந்து தாக்குப்பிடிப்பாள்னு எதை வெச்சு நம்பறது?"

லொரேன் நாற்காலியில் சாய்ந்தாள். "அந்தப் பள்ளியோட சராசரியே ஆயிரத்து அறுநூறுக்குத் தொள்ளாயிரத்து நாற்பதுதான். இவ ஒரு ஆயிரத்து முந்நூறு எடுத்திருந்தாக்கூட, மேசை மேல ஏறி நின்னு சண்டை போட்டிருப்பேன்."

"நானும் உன்கூட ஏறியிருப்பேன். எடுத்திருந்தா அனுப்பியிருப்பாளே! நல்ல மார்க்கை யாராவது ஒளிச்சு வைப்பாங்களா?"

லொரேன் விண்ணப்பத்தைத் திரையிலிருந்து மூடினாள். அந்த இடம் வேறொரு மாணவனுக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து, அம்மாவின் காரில் பள்ளிக்குப் போகும் வழியில், டெஸா கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"கிடைக்கலைம்மா. ஒருவேளை மார்க்கை அனுப்பியிருக்கலாமோ?"

"சும்மா இரு, கண்ணு. அங்கே சேர்ந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் ஆயிரத்து ஐந்நூத்து முப்பதுக்கு மேலேன்னு அவங்களே இணையதளத்துல போட்டிருந்தாங்க. உன்னோடதைப் பார்த்தா சிரிப்பாங்கன்னு நீதானே வேணாம்னே?"

"ஆமா" என்றாள் டெஸா.

வண்டி பள்ளி வாசலில் நின்றது. அக்டோபரில் தலைமையாசிரியர் தன் கையாலேயே ஏணியில் ஏறி மாட்டிய எழுத்துகள் இன்னும் அறிவிப்புப் பலகையில் இருந்தன:

'டெஸா நேப்பியர் – 1480. நம் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இதுவே உச்சம்!'