பேட்டரித் திருடன்

“டேய், பேட்டரியை எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?”

அப்பா கத்தியதில் கூடத்துக் கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. அதற்குள் வரிசை கட்டி நிற்பவை எல்லாம் பொம்மை வாக்குவம் கிளீனர்கள். குட்டிச் சக்கரம், குட்டிக் குழாய், சுவிட்சைத் தட்டினால் ‘ஙொய்ய்’ என்று ஒரு சத்தம். மற்ற அப்பாக்கள் தபால்தலை சேர்ப்பார்கள். எங்கள் அப்பா இதைச் சேர்க்கிறார்.

“நான் எடுக்கலப்பா.”

“பின்னே யாரு? இந்த வீட்டுல குரங்குச் சேட்டை பண்றது நீ ஒருத்தன்தானே?”

அதுவும் நியாயம்தான். தலைமை ஆசிரியர் குரலில் மைக்கில் பேசி ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவன் நான். அத்தை குரலில் கூப்பிட்டு மாமாவை மொட்டை மாடி வரைக்கும் ஓடவிட்டவனும் நானே. ஆனால் இது நான் செய்ததில்லை. செய்யாத சேட்டைக்குத் திட்டு வாங்குவதைப் போல ஒரு அவமானம் உண்டா?

நடந்தது இதுதான். அப்பாவின் மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா ஆரஞ்சு நிறப் பொம்மையை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். அலமாரியிலேயே மூத்தது அதுதான், அவர் சின்ன வயதில் விளையாடியது. கூடவே வழக்கமான கதை. எனக்கு அது மனப்பாடம், செருமல் உட்பட.

“எங்கப்பா பேப்பர் படிச்சிட்டிருப்பார் சார். நான் இதைத் தள்ளிக்கிட்டே போய், ‘காலைத் தூக்குங்கப்பா’ம்பேன். ரெண்டு காலையும் தூக்கிக்குவார். நாற்காலிக்கு அடியில நான் பெருக்கி முடிக்கிற வரைக்கும் இறக்கவே மாட்டார். ம்க்கும்.”

சுவிட்சைத் தட்டினார். சத்தம் வரவில்லை. அடிமூடியைத் திறந்தால் பேட்டரி இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

“விடுங்க சார், பொம்மைதானே,” என்றார் மேனேஜர்.

எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை. அவர் படியிறங்கின கையோடு ஆரம்பித்ததுதான் இந்தக் கத்தல்.

“ஏங்க, அவன் எடுத்திருக்க மாட்டான்,” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

“நீ வக்காலத்து வாங்காதே. டேய், சனிக்கிழமை ஆண்டு விழாவுல ஏதோ மிமிக்ரி கிமிக்ரின்னியே, மேடைப் பக்கம் போ, காலை ஒடிச்சிடறேன். குளிச்சிட்டு வந்து உன் தலைமை ஆசிரியர்கிட்டயே பேசறேன்.”

துண்டைத் தோளில் அறைந்துகொண்டு போனார்.

எத்தனை நாள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மேடை.

அந்தப் பொம்மைகள் மேல் வன்மம் உள்ள ஆள் ஒருத்தன்தான். என் அண்ணன்.

அடுத்த தெருவில் தனிக்குடித்தனம், செல்போன் ரிப்பேர் கடை. போன வருஷம் அவன் மகள் இந்த ஆரஞ்சுப் பொம்மையைத் தள்ளிக்கொண்டு அப்பாவின் நாற்காலி வரைக்கும் வந்தாள். “தாத்தா, காலைத் தூக்குங்க” என்றாள். அப்பா தூக்கவில்லை. “இது விளையாடற சாமானா?” என்று குழந்தை கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினார். அவள் வீறிட்டு அழ, அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அன்றோடு அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சு நின்றது.

இப்போது வஞ்சம் தீர்த்துக்கொண்டான். பழி என் தலையில்.

அப்பாவின் போன் மேசைமேல் கிடந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். அப்பா குரலிலேயே அவன் வாயைப் பிடுங்கி, அதைப் பதிவு செய்து அப்பா காதுக்கு நேரே ஓடவிடுகிறேன் பார் என்று எடுத்தேன்.

முதல் மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டான்.

“ம்க்கும். ஏண்டா, பேட்டரியை எடுத்தது நீதானா?”

அந்தப் பக்கம் கடை ரேடியோவை அணைக்கிற சத்தம்.

“நான்தாம்பா.”

மாட்டினான்.

“வெட்கமா இல்ல? அப்பன் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குள்ள வந்து திருடறதுக்கு?”

“திட்டாதீங்கப்பா. அம்மா தூசி தட்டும்போது பார்த்திருக்காங்க. பேட்டரியெல்லாம் கசிஞ்சு உள்ளே வெள்ளை வெள்ளையா பூத்துப் போயிருக்கு. அப்படியே விட்டா ஒண்ணுகூடத் தேறாது. அதான் நீங்க ஆபீஸ் போனதும் வந்து எல்லாத்தையும் துடைச்சு வச்சேன். ஆரஞ்சுல ஸ்பிரிங்கே இத்துப் போச்சு, புதுசு ஒண்ணை ஈயம் வச்சுப் பத்த வச்சிருக்கேன். நாளைக்குப் புது பேட்டரி போட்டுடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க பார்த்துட்டீங்க.”

சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். என்னைத் தடுக்கவில்லை.

“உனக்கு எதுக்குடா இந்த வேலை?” அப்பா குரல் என்னிடமிருந்து கொஞ்சம் நழுவியது.

“எங்க தாத்தா உங்களுக்கு வாங்கிக் கொடுத்ததாச்சேப்பா. வீணாப் போக விடுவேனா?” என்றான். அப்புறம் தயங்கினான். “அப்பா, ஒண்ணு கேக்கவா? பாப்பா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா, தாத்தா ஏன் காலைத் தூக்கலன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

குளியலறையில் தண்ணீர் நின்றது. அண்ணன் காத்திருந்தான்.

வாயைத் திறந்தேன். அப்பா அதட்டுகிற குரல், மிரட்டுகிற குரல், மேனேஜரிடம் குழைகிற குரல் எல்லாம் எனக்கு அச்சு அசலாக வரும்.

மன்னிப்புக் கேட்கிற குரல் மட்டும் வரவில்லை. அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.