பதினெட்டு நிமிடம்

டொரன்டோவிலிருந்து திருச்சிக்குப் பதின்மூவாயிரம் கிலோமீட்டர். புது ராக்கெட் விமானத்தில் பறக்கும் நேரம் பதினெட்டே நிமிடம். திறப்பு விழாவில் அமைச்சர், "தூரத்தையே ஒழித்துவிட்டோம்" என்று மாலையும் கழுத்துமாக முழங்கினார். விமான நிலையத்திலிருந்து பாலக்கரைக்கு ஆட்டோவில் வர மட்டும் முன்போலவே நாற்பது நிமிடம் ஆகிறது. அந்தத் தூரம் எப்படியோ தப்பிவிட்டது.

பாலக்கரையில் அருளப்பன் தனியாக இருக்கிறார். ஒரு நாள் முழுக்கப் பறக்க வேண்டியிருந்த காலத்தில், மகன் ஜெரோம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து ஒரு மாதம் தங்குவான். இப்போது மாதாமாதம் வருகிறான். ஷூவைக் கழற்றுவதில்லை.

இன்றும் அவனுக்காகக் கட்டிலில் புது விரிப்பு போட்டு வைத்திருந்தார். ஜெரோம் வாசல் நாற்காலியிலேயே காபியைக் குடித்து முடித்தான். வெளியே ஆட்டோ காத்திருந்தது.

"ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயேன்டா."

"பதினெட்டு நிமிஷம்தானேப்பா. நெனச்சா வந்துடப் போறேன்."

"அந்தப் பழைய பிளேன் இன்னும் ஓடுதாமே. அடுத்த தடவ அதுல வாயேன்."

"அதுல வந்தா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடும்ப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன். வந்ததும் படுத்துத் தூங்கிடுவேல்ல."