மாமனார் பார்த்த படம்

"இன்னிக்கும் உன் மாமனாரு சினிமா கொட்டாயில உக்காந்துக்கினு இருந்தாராம். எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொல்றாரு" என்றாள் பக்கத்து வீட்டு அம்சா.

விஜயாவுக்குச் சுருக்கென்றது.

போன வாரம் அவள்தான் வாய் திறந்து கேட்டாள். மடியில் கிடந்த குழந்தை காய்ச்சலில் போனதிலிருந்து எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தவள், ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறதே என்று கேட்டுவிட்டாள்.

"ஒரு யானையும் கொரங்கும் ஒரு குடும்பத்தைப் படுத்துற பாடாம் மாமா. நாம பாக்கலாமா?"

அரிசி மண்டி வைத்திருக்கும் மாமனார் அப்பாண்டைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் ஒரு தபா பாத்துட்டு வந்து சொல்றேம்மா. நல்லா இருந்தா எல்லாரும் போலாம்."

பார்த்துவிட்டு வந்ததும் பேச்சு மாறிவிட்டது.

"வேணாம்மா. வாயில்லா ஜீவனை ஆட்டி வச்சு சம்பாரிக்கிறானுங்க. நம்ம தர்மத்துக்கு ஆவாது."

எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற மனுஷர், சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று விஜயாவும் வாயை மூடிக்கொண்டாள்.

அப்படிச் சொன்னவர்தான் மறுநாளிலிருந்து மண்டியைப் பூட்டியதும் நேரே கொட்டகைக்குப் போகிறார். பொழுது சாய்ந்தபின் சமண வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. இருட்டிய பிறகு வருகிறவர் வெறும் வயிற்றோடு சுருண்டு படுத்துக்கொள்கிறார்.

"பட்டினி கெடந்து பாக்குற அளவுக்கு அதுல அப்படி என்ன இருக்குது? தர்மம் எனக்கு மட்டும்தானா?" என்று கணவன் அஜிதநாதனிடம் பொருமினாள்.

"அதை அப்பாகிட்டயே கேளு" என்று அவன் நழுவினான்.

அமாவாசை வந்தது. ஊர் நெசவாளர்கள் தறிக்கு விடுமுறை விடும் நாள். தெருவே சினிமாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. வெயில் இறங்குவதற்குள் வீடு வந்த அப்பாண்டை, "பொழுதோட சாப்ட்டுக் கெளம்புங்க. மொத ஆட்டம் போலாம்" என்றார்.

"வாயில்லா ஜீவன் என்ன ஆச்சு மாமா?"

குத்தலாகத்தான் கேட்டாள்.

"இருக்கட்டும்மா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் அவர்.

பெண்கள் பக்கத்தில் அம்சாவோடு உட்கார்ந்தாள் விஜயா. யானை கல்யாணப் பந்தலில் புகுந்து, கட்டியிருந்த வாழை மரத்தைத் தின்றுவிட்டு மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குத் தும்பிக்கையை நீட்டியபோது, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. இத்தனை நல்ல படத்தையா வேண்டாம் என்றார் என்று கோபமும் கூடவே வந்தது.

இடைவேளைக்கு அப்புறம் படம் ஒரு தாவு தாவியது. ஒரே விசில், கூச்சல்.

"ஆபரேட்டரு, தொட்டில் சீனை எங்கய்யா முழுங்கின?"

"அது என்ன சீன்மா?" என்று முன்னால் இருந்த பெண்ணைக் கேட்டாள் விஜயா.

"கொழந்தைய வாரிக் குடுத்த பொண்ணு, கொரங்கைத் தொட்டில்ல போட்டுத் தாலாட்டும். கொட்டாயே உருண்டு சிரிக்கும். நேத்து வரைக்கும் காட்டிக்கினுதான் இருந்தாங்க. இன்னிக்கி ஏன் எடுத்துட்டாங்கன்னு தெரியலியே."

விஜயா ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அஜிதநாதன் மட்டும்தான் உட்கார்ந்திருந்தான்.

மாமனார் பின்னால் ஆபரேட்டர் அறை வாசலில், உள்ளே இருந்தவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியபடி நின்றுகொண்டிருந்தார்.