தலைக்குக் கால் ரூபாய்

உயிருக்கு விலை கிடையாது என்பார்கள். அந்த வீட்டு மூத்த மருமகளின் முதல் நாவலில் அது தலைக்குக் கால் ரூபாய்தான். புத்தகம் இருநூற்று எழுபத்தெட்டு ரூபாய். உள்ளே போரில் செத்தவர்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.

"ஒரு ஆத்துக்காக ரெண்டு ராணிங்க பதினோரு வருஷம் சண்டை போடறாங்க. இதை எழுதணும்னு எப்படித் தோணுச்சு மேடம்?" என்றார் பேட்டிக்கு வந்த நிருபர்.

"நிறைய சரித்திரம் படிச்சேன்" என்றாள், சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே.

"நேர்ல பார்த்த மாதிரி இருக்கே?"

காபி கொண்டுவந்த இளைய மருமகள் பதில் சொன்னாள். "பார்த்தாங்க சார். அந்த ஆறு எங்க வீட்டு அடுப்பு. எதிரி ராணி நான்தான். நான் பாலைப் பொங்கவிட்ட அன்னிக்கு என் படையில ஐநூறு பேரை வெள்ளத்துல மூழ்கடிச்சுட்டாங்க."

மூத்தவள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். இருவரும் மறுபடி பேசத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது.

"படிச்சிட்டியா?"

"ரெண்டு தடவை. நல்லாத்தான் இருக்குக்கா. கணக்குதான் உதைக்குது. என் பக்கம் ஆயிரத்து நூறு பேர், உங்க பக்கம் பன்னிரண்டே பேர்."

"அடுத்த பாகத்துல சரி பண்ணிடறேன்டி."

இளையவள் நிருபரிடம் திரும்பினாள். "எழுதிக்கோங்க சார், நீங்கதான் சாட்சி. அக்கா எனக்குத் தரவேண்டிய பாக்கி, ஆயிரத்து எண்பத்தெட்டு பொணம்."