கம்பியா, ஆணியா

"கம்பியை நல்லா இறுக்கு மச்சான். போன பயணத்துல இழுப்பறை திறந்து, என் கிரீடம் சாக்கடையில குளிச்சிட்டு வந்துச்சு."

டீ கிளாஸை நீட்டியபடி சொன்னார் ராஜா. நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டிக் கட்டிச் சொந்தப் பெயரே காணாமல் போன மனிதர். தச்சர் டீயை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

"கட்டைவிரல்ல என்ன கட்டு?"

"அதுவும் இழுப்பறை பண்ணின வேலைதான். நசுக்கிடுச்சு. அதான் சொல்றேன், நல்லா இறுக்கு."

கொட்டகையைப் பிரித்தாகிவிட்டது. அடுத்த ஊருக்கு லாரி கிளம்ப வேண்டும். கம்பெனியில் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி. நெஞ்சு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், புத்தகம் மாதிரி விரியும். ஒரு பக்கம் உடைகள் தொங்கும், மறுபக்கம் முழுக்க இழுப்பறைகள். லாரி குலுக்குகிற குலுக்கலில் அவை வாயைப் பிளக்காமல் பார்த்துக்கொள்வது தச்சரின் வேலை. பயணம் போகிற பெட்டி என்றால், இழுப்பறைகளுக்கு முன்னால் மேலிருந்து கீழாக ஓர் இரும்புக் கம்பியை இறக்கிக் கொக்கியில் மாட்டுவார். கிடங்கில் போடுகிற பெட்டி என்றால் கம்பி கிடையாது. ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஓர் ஆணி.

கம்பெனி முதலாளி யாரையும் வேலையை விட்டுப் போ என்று வாயால் சொல்லமாட்டார். இளகிய மனசாம். தன் பெட்டியில் ஆணியைப் பார்த்ததும் பெட்டிக்காரர் தானாகப் புரிந்துகொண்டு, லாரி ஏறாமல் நின்றுவிட வேண்டும். 'அவனுக்கு ஆணி விழுந்துடுச்சு' என்றால் அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

இன்று காலை முதலாளி தச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, ராஜா பெட்டிக்கு ஆணி என்று சொல்லிவிட்டார். வசனம் மறக்கிறாராம், சிம்மாசனத்தில் ஏறவே மூச்சு வாங்குகிறதாம். வெளியே வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பு வேறு.

அப்போதிலிருந்து தச்சர் மற்ற பெட்டிகளை எல்லாம் முடித்துவிட்டு, ராஜா பெட்டியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ராஜாவுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. இருப்பது இந்தப் பெட்டிதான். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு இந்தக் கையால் ஆணி அடிக்க வேண்டுமா என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை முட்டியது.

ராஜாவோ எழுந்து போகிற வழியாக இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து பழைய கதைகளை எடுத்துவிட்டார். மேடையில் மீசை கழன்று எதிரி ராஜாவின் தோளில் விழுந்த கதை, வாள் உருவ வராமல் உறையோடு சண்டை போட்ட கதை. வயிறு குலுங்கச் சிரிக்கிறவர் இன்று எதையும் முடிக்காமல் பாதியில் விட்டார். ஏதோ சொல்ல வாயெடுப்பதும், கட்டைவிரல் கட்டைத் தடவுவதுமாக இருந்தார். விஷயம் காதுக்கு எட்டிவிட்டதோ என்று தச்சருக்குப் பகீரென்றது.

"மச்சான், இந்தக் கம்பெனி இல்லேன்னா நீ எங்கே போவே?"

"எங்கே போக? வீட்ல அவ மருந்து, பொண்ணு படிப்பு, எல்லாம் இந்தக் கையை நம்பித்தானே ஓடுது" என்ற தச்சர், அவரைத் தேற்றுகிற நினைப்பில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆணி அடிக்கறவனை விட்டுட்டு எந்த லாரி கிளம்பும்?"

ராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிளாஸ்களைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

இதுதான் சமயம். தச்சர் ஓர் ஆணியை எடுத்து மேல் இழுப்பறையில் நிறுத்திச் சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை இறங்க மறுத்தது. ஆணியைத் தூக்கி எறிந்தார். கம்பியை இறக்கிக் கொக்கியை மாட்டி இறுக்கினார். அடுத்த ஊரில் முதலாளி பார்த்தால் தொலைத்துக் கட்டிவிடுவார். கட்டட்டும்.

திரும்பி வந்த ராஜா கம்பியைத் தொட்டுப் பார்த்தார். தச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சுமை ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்க, அதன் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு போய் லாரியில் ஏறினார்.

தச்சரின் பெட்டியை எப்போதும் கடைசியில்தான் ஏற்றுவார்கள். அவருடைய கருவிகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன. பிரித்த மேடைப் பலகைகளுக்குப் பின்னால் அது தனியாக நின்றது. காலையிலிருந்து அந்தப் பக்கமே போகாதவர், சுத்தியலை உள்ளே வைக்க இழுப்பறையை இழுத்தார். வரவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று அடுத்ததை இழுத்தார். அதுவும் வரவில்லை.

குனிந்து பார்த்தார். ஒவ்வொரு இழுப்பறையிலும் ஓர் ஆணி. ஒன்றுகூட நேராக இறங்கவில்லை. எல்லாம் கோணல்மாணலாக வளைந்து, சுற்றிலும் மரத்தில் சுத்தியல் தவறி விழுந்த காயங்கள். சுத்தியலே பிடித்தறியாத கை அடித்த ஆணிகள். காலையில் முதலாளி தனியாகக் கூப்பிட்டது தச்சரை மட்டும் அல்ல.

லாரி உறுமிக் கிளம்பியது. பின்பக்கம் ராஜா தன் பெட்டியை அணைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சுத்தியலில் நசுங்கிய கட்டைவிரலின் வெள்ளைக் கட்டு மட்டும் தெருமுனை வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.