பையன் படிப்புக்கு

“கேபினெட் மலிவா போதும். கிராபிக்ஸ் கார்டு மட்டும் நல்லதா போடுங்க, பையன் படிப்பு விஷயம்” என்று கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் முன்பணத்தைக் கொடுத்தான் நவீன்குமார்.

கவுண்டருக்கு இப்பால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பார்கவி, “படிக்க அது எதுக்கு, பாவா?” என்றாள்.

“உனக்கு இன்னா தெரியும்? எல்லாப் பசங்களும் இதுலதான் படிச்சிகினு இருக்குதுங்க.”

பிறந்த வீட்டிலிருந்து தன் நைனா கொடுத்த பணத்தைச் செலவழிப்பதில் தன் பேச்சுக்கு மட்டும் மதிப்பில்லையே என்று நினைத்தாள் அவள்.

“பையன் எத்தனாவது படிக்கிறான்?” என்று கேட்டார் கடைக்காரர்.

நவீன்குமார் மானிட்டரைப் பார்த்தான். பார்கவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கவுண்டருக்கு மேலே நிறைமாத வயிறு தெரிந்தது.

“பையனா பொண்ணான்னே தெரியாதுங்கண்ணா. அது என் பிரசவத்துக்கு வச்ச பணம். திருப்பிக் குடுங்க.”

கடைக்காரர் அவள் கையிலேயே கொடுத்தார்.

“ஜாய்ஸ்டிக் மட்டுமாச்சும்...” என்றான் நவீன்குமார்.